அஞ்சு உருண்டைக் கலவை

வீடு பார்க்க வருகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? ஹாலில் நின்று அண்ணாந்து பார்ப்பார்கள். ஜன்னலைத் திறந்து, "காத்து நல்லா வருது" என்பார்கள், வராவிட்டாலும். குழாயைத் திறந்து மூடுவார்கள். கூடவே ஒரு மாமா வந்திருப்பார். அவர் சட்டைப் பையிலிருந்து காம்பஸை எடுத்து, ஈசான்யம் எங்கே இருக்கிறது என்று தேடுவார். பாத்ரூமுக்கு வந்ததும் டைல்ஸ் கலரைப் பற்றிக் குடும்பத்தில் ரெண்டு கட்சி உண்டாகும். அந்த டைல்ஸுக்கு அடியில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று கேட்ட ஒருத்தரை நான் இதுவரை சந்தித்ததில்லை.

இந்த வாரம் அடியில் இருப்பதைப் பற்றித்தான். குறிப்பாக, ஷவர் ட்ரேக்கு அடியில்.

ஷவர் ட்ரே தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மூணடிக்கு மூணடி, வெள்ளை வெளேரென்று, விளிம்பு கொஞ்சம் தூக்கி, ஒரு பக்கம் ஓட்டையோடு இருக்கும் சமாசாரம். அக்ரிலிக்கில் வருகிறது, பீங்கானில் வருகிறது, கல் தூளையும் ரெசினையும் குழைத்து வார்த்தது வருகிறது. அதன் மேல் நின்று குளிக்க வேண்டும். சுற்றிக் கண்ணாடி அடைப்பு வைத்துவிட்டால் பாத்ரூமின் பாக்கி இடம் நனையாது. பாத்ரூமே நனையாமல் குளிப்பது என்பது நம் பரம்பரைக்குப் புதுசு. வாளியிலிருந்து செம்பில் மொண்டு ஊற்றிக்கொள்ளும்போது சுவரின் நாலு பக்கமும் தெறித்தால்தான் நமக்குக் குளித்த திருப்தி. ஆனாலும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அறை வாடகைக்கு விடுகிறவர்கள், பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வந்து தங்குகிற வீட்டுக்காரர்கள் எல்லோரும் இந்தத் தாம்பாளத்தை வாங்கிப் போடுகிறார்கள்.

தாம்பாளம் என்பது என் வார்த்தை இல்லை. அது பொம்மையார்பாளையத்தில் ஒரு மேஸ்திரி வைத்த பெயர்.

புதுச்சேரியிலிருந்து வடக்கே கிளம்பினால் கோட்டக்குப்பத்தில் தமிழ்நாடு வந்துவிடும். சின்ன முதலியார்சாவடி, பெரிய முதலியார்சாவடி, அப்புறம் பொம்மையார்பாளையம். இன்னும் கொஞ்சம் போனால் காலாப்பட்டு. அங்கே மறுபடியும் புதுச்சேரி. ஒரே ரோட்டில் அரை மணிக்குள் ரெண்டு அரசாங்கம் மாறிவிடுகிறது. பொம்மையார்பாளையத்தில் ரோட்டுக்குக் கிழக்கே கடல், மீனவர் குடியிருப்பு. மேற்கே செம்மண் மேடு, அதற்கு அந்தாண்டை ஆரோவில். இந்த ஊரில் என் நண்பர் ஒருவர், பேங்கில் ரிட்டயரானவர், வந்த பணத்தையெல்லாம் போட்டு மாடி வீடு கட்டினார். மாடியில் ரெண்டு பாத்ரூம். ரெண்டிலும் தாம்பாளம்.

முதலில் குளிக்கப் போனது அவருடைய அம்மா. எண்பத்திரெண்டு வயசு. ஒரு காலை உள்ளே வைத்தார், மறு காலை வைத்தார், அப்படியே குழாயைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"டேய், இது என்னடா தெப்பத்துல ஏறி நின்ன மாதிரி அசையுது?"

"அதெல்லாம் ஃபாரின் டிசைன்மா."

"ஏன், ஃபாரின்ல எல்லாரும் ஆடிக்கிட்டேவா குளிக்கிறாங்க?"

அன்றிலிருந்து அந்த அம்மாள் மாடி பாத்ரூமை எட்டிப் பார்க்கவில்லை. தோட்டத்துப் பக்கம் தொட்டியடியில் சிமெண்ட் தரையில் உட்கார்ந்து குளிக்க ஆரம்பித்தார். மகன் கெஞ்சினார், ரப்பர் மேட் வாங்கிப் போட்டார், சுவரில் பிடிமானத்துக்குக் கம்பி அடித்தார். அம்மாள் அசையவில்லை, தாம்பாளம்தான் அசைந்தது. இதைக் கிழவியின் பிடிவாதம் என்று வீட்டில் நினைத்தார்கள். எனக்கு என்னவோ அந்த வீட்டில் இருந்த ஒரே இன்ஜினீயர் அவர்தான் என்று தோன்றுகிறது. பாதத்தைவிட நல்ல கருவி இந்த விஷயத்தில் கிடையாது.

நாலாவது மாசம் கீழ் ஹாலில் சீலிங்கில் ஒரு பழுப்புத் திட்டு வந்தது. முதலில் இலங்கை சைஸ். ஐப்பசி மழை முடிவதற்குள் ஆஸ்திரேலியா. மழைத் தண்ணி என்று முதலில் மொட்டை மாடியைச் சந்தேகப்பட்டு, அங்கே ஒரு பூச்சு பூசினார்கள். மழை விட்ட பிறகும் ஆஸ்திரேலியா வளர்ந்தது. அப்புறம்தான் மாடி பாத்ரூமுக்குப் போய்த் தாம்பாளத்தைத் தட்டிப் பார்த்தார்கள். டொக், டொக். தட்டுகிற இடமெல்லாம் காலிப் பானைச் சத்தம்.

தூக்கிப் பார்த்தால், அடியில் அஞ்சு உருண்டைக் கலவை. நாலு மூலைக்கு நாலு, நடுவில் ஒன்று. கிரிக்கெட் பந்தை வைத்து அழுத்தின மாதிரி. மற்ற இடமெல்லாம் காற்று.

இதில் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம், பயப்படாதீர்கள், அஞ்சாங் கிளாஸ் கணக்குதான். 90 சென்டிமீட்டருக்கு 90 சென்டிமீட்டர் தாம்பாளம் என்றால் பரப்பு 8,100 சதுர சென்டிமீட்டர். அழுத்தின உருண்டை ஒன்று 10 சென்டிமீட்டர் அகலம் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், அஞ்சும் சேர்ந்து 400 சதுர சென்டிமீட்டர் தேறாது. அதாவது நூற்றுக்கு அஞ்சு. தேர்தலில் டெபாசிட் திரும்ப வாங்க ஆறில் ஒரு பங்குக்கு மேல் ஓட்டு வேண்டும். இந்தக் கலவைக்கு டெபாசிட் காலி. இந்த நூற்றுக்கு அஞ்சை நம்பித்தான் எண்பது கிலோ ஆள் தலைக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார்.

நின்றால் என்ன ஆகும்? தாம்பாளம் உடனே உடையாது, அதுதான் ஆபத்தே. ஒவ்வொரு தடவை கால் வைக்கும்போதும் ஒரு மயிரிழை கீழே போய் மேலே வரும். சுவரும் தாம்பாளமும் சேருகிற இடத்தில் சிலிகான் பூசியிருப்பார்கள். அது தினம் ரெண்டு வேளை இழுபட்டு இழுபட்டு ஒரு நாள் விட்டுக்கொடுக்கும். விட்டது கண்ணுக்குத் தெரியாது. தண்ணிக்குத் தெரியும். உள்ளே இறங்கி, பாத்ரூம் பள்ளத்தை ரொப்பியிருக்கும் செங்கல் ஜல்லியில் தேங்கி, காங்கிரீட்டுக்குள் ஊறி, கம்பியைத் தொடும். கம்பி துருப்பிடித்தால் பருக்கும். துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும். இடம் இல்லாததால் காங்கிரீட்டைப் பிளந்துகொண்டு வரும். சீலிங்கில் பத்தை பத்தையாக உதிர்கிறதே, அது இந்த இட நெருக்கடிதான்.

சரி, எடுத்தாயிற்று. மறுபடி எதன் மேல் உட்கார வைப்பது? அன்று அந்த மாடியில் நடந்தது ஒரு வட்டமேஜை மாநாடு. மேஸ்திரி, பிளம்பர், நண்பர், பக்கத்து வீட்டுக்காரர், சும்மா வேடிக்கை பார்க்கப் போன நான்.

பிளம்பர் முதலில் பேசினார். "வெறும் மணலைக் கொட்டி, தட்டி, மேல வச்சிரலாம் சார். நாளைக்கு அடைப்புன்னா ஈஸியா தூக்கலாம்." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வெறும் மணலுக்கு ஊர் விசுவாசம் கிடையாது. சொட்டுத் தண்ணி போனாலும் கூடவே கிளம்பிவிடும். ஒரு மூலையில் குழி, இன்னொரு மூலையில் மேடு. எறும்பு வேறு தன் பங்குக்கு ஒவ்வொரு மணியாகச் சுமந்து வெளியே கொண்டுவந்து வைக்கும்.

பக்கத்து வீட்டுக்காரர், பெட்டியோடு வந்த தெர்மாகோலையே அடியில் திணித்துவிடலாம் என்றார். டி.வி. வந்த பெட்டி தெர்மாகோல்கூட அவரிடம் இருக்கிறதாம், இலவசமாகத் தருவாராம். இதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

நண்பரின் மகன் துபாயிலிருந்து போனில் வந்து, ஃபோம் அடிக்கச் சொன்னான். டப்பாவிலிருந்து பீய்ச்சினால் இட்லி மாவு போலப் பொங்கி இடுக்கெல்லாம் நிரப்பும் சாமான். கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவே இருக்கும் சந்துக்கு அது அருமையானது. தாம்பாளத்துக்கு அடியில் வேண்டாம். இட்லி மாவு எவ்வளவு பொங்கும் என்று ஆட்டினவளுக்கே தெரியாது. பொங்குகிற வேகத்தில் தாம்பாளத்தைத் தூக்கிவிட்டு மட்டத்தைக் கெடுக்கும். பொங்கி முடித்த பிறகு பார்த்தால் பஞ்சு. வருஷக்கணக்கில் மிதித்தால் அமுங்கும்.

நண்பருக்கு ஃபால்ஸ் சீலிங் போட்டதில் பிளாஸ்டர் ஆஃப் பாரீஸ் ரெண்டு மூட்டை மிச்சம். "சீக்கிரம் இறுகும், வழவழன்னு மட்டமாவும் இருக்கும். அதையே போட்டா என்ன?" என்றார். மிச்சம் இருக்கிறது என்பதற்காக ஒரு பொருளை உபயோகிப்பது நம் தேசிய குணம். பிளாஸ்டர் ஆஃப் பாரீஸ் என்பது ஜிப்சம். அது இறுகின பிறகும் தண்ணியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும், லிட்டருக்கு ரெண்டு கிராம் போல. சீலிங்கில் அது ராஜா. குளிக்கிற இடத்தில் சர்க்கரைக் கட்டி.

இந்த இடத்தில் மொகஞ்சதாரோக்காரர்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1925-26-ல் தோண்டியெடுத்த பெரிய குளியல் தொட்டியில், சுமார் 12 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் ஆழம், செங்கல்லை ஜிப்சம் சாந்தில்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் அதை மட்டும் நம்பி விடவில்லை. செங்கல்லுக்குப் பின்னால் ஓர் அங்குலத்துக்கு நிலக்கீல், அதாவது இயற்கைத் தார், பூசி வைத்தார்கள். வீட்டுக்கு வீடு குளிக்கும் மேடையும் இருந்திருக்கிறது: நெருக்கமாக இழைத்து அடுக்கிய செங்கல், ஒரு மூலைக்கு வாட்டம், அந்த மூலையிலிருந்து வீதிச் சாக்கடைக்கு வழி. நாலாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முந்தின ஷவர் ட்ரே. அதன் அடியில் அஞ்சு உருண்டை வைத்திருந்தால் மார்ஷல் துரைக்குத் தோண்ட ஒன்றும் கிடைத்திருக்காது.

அடுத்தது செம்மண். "இங்க ஆரோவில்ல மண்ணுலயே வீடு கட்டி வச்சிருக்காங்களே" என்றார் பக்கத்து வீட்டுக்காரர், தெர்மாகோல் எடுபடாத வருத்தத்தில். கட்டியிருக்கிறார்கள், வாஸ்தவம். அங்கே 1989-லிருந்து மண் கட்டுமானத்துக்கென்றே ஒரு இன்ஸ்டிடியூட் நடக்கிறது. ஆனால் அவர்கள் மண்ணை அள்ளி அப்படியே கொட்டுவதில்லை. சலித்து, சுமார் அஞ்சு சதவீதம் சிமெண்ட் கலந்து, அச்சு மெஷினில் வைத்து அழுத்தி, வாரக்கணக்கில் ஈரம் காட்டிய பிறகுதான் அது கல். சலிக்காத செம்மண்ணில் களி இருக்கும். நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். தாம்பாளத்துக்கு அடியில் அது போனால் அம்மாள் சொன்ன தெப்பம் மறுபடியும் மிதக்கும்.

மேஸ்திரி அதுவரை வாயைத் திறக்கவில்லை. பீடியை அணைத்துவிட்டு ஒரே வரியில் சொன்னார்: "சிமெண்ட் ஒண்ணு, மணல் அஞ்சு, கொழுக்கட்டைப் பதம், முழுசும் பரத்தணும் சார். வேற பேச்சே இல்ல."

"அப்ப மொதல்ல ஏன் அஞ்சு உருண்டை வச்சீங்க?"

"அது நான் இல்ல சார். முன்னாடி இருந்த பார்ட்டி."

உலகத்திலுள்ள எல்லாத் தப்பையும் செய்தது முன்னாடி இருந்த பார்ட்டிதான். அது இருக்கட்டும். அவர் சொன்ன பதில் சரி. அசையாத காங்கிரீட் தளத்தின் மேல் வைக்கும் தாம்பாளத்துக்கு, கடினமான மணலும் சிமெண்ட்டும் சேர்ந்த இந்த வறட்டுக் கலவை மாதிரி இன்னொன்று இல்லை. அமுங்காது, கரையாது, ஊதாது, விலையும் இல்லை. சிமெண்ட்டைக் கூட்டி ஒன்றுக்கு ரெண்டு, ஒன்றுக்கு மூணு என்று போட்டால் இன்னும் பலம்தானே என்று கேட்பீர்கள். சிமெண்ட் கூடினால் காயும்போது சுருக்கமும் கூடும், விரிசல் விடும். இங்கே தேவை பாறை இல்லை, படுக்கை.

"மணல் எங்கேருந்து?" என்று நண்பர் கேட்டார்.

மேஸ்திரி பேசாமல் கிழக்கே கையைக் காட்டினார்.

கடற்கரை ஊர்களில் இந்த ஆசை எல்லோருக்கும் வரும். எம்-சாண்ட் லோடு இறக்கச் சொன்னால் ஒரு லாரிதான் வரும். நமக்கு வேண்டியதோ ரெண்டு சட்டி. கொல்லைப்புறத்தில் பார்த்தால் வங்காள விரிகுடா வரைக்கும் மணல். ராத்திரி ரெண்டு சட்டி அள்ளினால் யாருக்குத் தெரியப் போகிறது?

முதலில் தாம்பாளத்துக்குத் தெரியும். ஒரு லிட்டர் கடல் தண்ணியில் சுமார் 35 கிராம் உப்பு. அந்தத் தண்ணியில் நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்த மணலின் ஒவ்வொரு மணி மேலும் உப்புப் படிந்திருக்கும். உப்பு ஜாடியை மழைக்காலத்தில் திறந்து பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டாம்; காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அந்தப் படுக்கை என்றைக்கும் முழுசாக உலராது. அதைவிட மோசம், உப்பிலுள்ள குளோரைடு. காங்கிரீட்டின் காரத்தன்மை கம்பியைச் சுற்றி ஒரு மெல்லிய கவசம் போட்டு வைத்திருக்கிறது. குளோரைடு போய் அந்தக் கவசத்தைக் கழற்றிவிடும். அதனால்தான் கம்பி போட்ட காங்கிரீட்டில் ஒரு கன மீட்டருக்கு 0.6 கிலோவுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது என்று நம் ஐ.எஸ். 456 விதி கட்டுப்பாடு வைத்திருக்கிறது. தாம்பாளத்துப் படுக்கையில் கம்பி இல்லையே என்பார்கள். அதற்குக் கீழே இருக்கிறதே. தண்ணி கசிந்தால் உப்பைக் கையைப் பிடித்து அழைத்துப் போய்க் கம்பியிடம் விட்டுவிடும்.

மணியின் உருவமும் சரியில்லை. அலையில் உருண்டு உருண்டு கடல் மணல் மழமழவென்று, எல்லாம் ஒரே சைஸாக இருக்கும். ஒரு டப்பாவில் வெறும் கோலிக்குண்டாகப் போட்டால் எவ்வளவு சந்து விழுகிறது? பெரிசும் சிறிசும் முனையுமாகக் கலந்திருந்தால்தான் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும்.

கடல் மணலே ஆகாது என்றும் சொல்லிவிட முடியாது. இலங்கையில் ஆற்று மணலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, கடலடியிலிருந்து மணலை உறிஞ்சி முத்துராஜவெலயில் மலை மலையாகக் குவித்து, உப்பு இறங்கின பிறகு விற்றார்கள். அது அளந்து, சோதித்துச் செய்கிற காரியம். சரியாகக் கழுவாத கடல் மணலைக் காங்கிரீட்டில் போட்டார்கள் என்று 2013-ல் சீனாவின் ஷென்சென் நகரத்தில் பல கட்டட வேலைகளை நிறுத்திவைத்தார்கள். இன்றைக்கு ஏறக்குறைய 600 மீட்டர் உயரத்தில் நிற்கும் பிங் ஆன் கோபுரமும் அதில் ஒன்று. சோதனை முடிந்துதான் மேலே கட்டினார்கள். அவ்வளவு பெரிய கோபுரத்துக்கே அந்தப் பாடு. நம் ஊரில் பக்கெட்டில் போட்டு ரெண்டு தடவை அலசிவிட்டு, "உப்பு போயிடுச்சு சார்" என்றால், நாக்கில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய கொத்தனார்கள் அப்படித்தான் பார்த்தார்கள். நாக்குக்கே உப்புத் தெரிந்தால் அந்த மணல் வேண்டாம். தெரியாவிட்டாலும் கடற்கரை மணல் என்றால் வேண்டாம்தான்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. பொம்மையார்பாளையத்தில் மணல் என்பது சும்மா கிடக்கிற சாமான் இல்லை. நம் கிழக்குக் கரையில் அலை வருஷத்தில் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகிறது. வடகிழக்குப் பருவத்தில் கொஞ்சம் திருப்பித் தரும், ஆனால் நிகர வரவு வடக்குக்குத்தான். 1980-களின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர் கட்டியதும் அந்த வரவு தெற்கேயே நின்றுவிட்டது. வடக்கே இருப்பதை அலை எடுத்துக்கொண்டே இருக்கிறது, ஈடு வருவதில்லை. புதுச்சேரி நகரத்தின் கடற்கரை போயிற்று, கல்லைக் கொட்டினார்கள். கல் கொட்டின இடத்துக்கு வடக்கே அரிப்பு நகர்ந்தது. கோட்டக்குப்பம், முதலியார்சாவடி என்று வரிசையாக வந்து பொம்மையார்பாளையத்து மீனவர் குடியிருப்பையும் தொட்டது. வீடுகள் கடலுக்குள் போயின. தூண்டில் வளைவு கேட்டு ஜனங்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். வள்ளத்தை இழுத்து வைக்கவும் வலையைக் காய வைக்கவும் இடம் இல்லாத ஊரில், ரோட்டுக்கு மேற்கே ஒருத்தர் ஆடாமல் குளிப்பதற்காகக் கிழக்கே இருப்பவர் வாசலிலிருந்து ரெண்டு சட்டி அள்ளுவது எனக்கு ரசிக்கவில்லை. 1991 பிப்ரவரியில் வந்த கடலோர ஒழுங்குமுறை அறிவிப்பிலிருந்தே அங்கே மணல் அள்ளத் தடை இருக்கிறது. 2011-லும் 2019-லும் அறிவிப்பைப் புதுசாக எழுதினார்கள். மணலை யார் வேண்டுமானாலும் அள்ளலாம் என்று மட்டும் எழுதவில்லை.

நான் சொன்னது பாதிதான் எடுபட்டது. எடுபட்டது எதனால் என்றால், அப்போது பார்த்துச் சித்தாள் வேலைக்கு வந்திருந்த ஓர் அம்மாள், குடியிருப்புக்காரர், "எங்க வூட்டு வாசலு சார் அது" என்றார். அதற்கப்புறம் மேஸ்திரி கிழக்கே கை காட்டவில்லை. எதிர் மனையில் வேலை நடந்துகொண்டிருந்தது. அங்கே போய் ரெண்டு சட்டி எம்-சாண்ட் கேட்டு வாங்கி வந்தார். பக்கத்துத் திருவக்கரைப் பகுதிக் கல்குவாரிகளில் பாறையை உடைத்துச் செய்கிற மணல். அதே திருவக்கரையில்தான் கல்லாகிப்போன மரங்கள் கிடக்கின்றன, கோடிக்கணக்கான வருஷத்து மரங்கள். பார்க்காதவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள்.

எம்-சாண்ட் என்று சொல்லிக் கிரஷர் பொடியைக் கொடுப்பவர்களும் உண்டு. பொடி முகத்துக்குப் போடுகிற பவுடர் மாதிரி கையில் ஒட்டும், தண்ணியை நிறையக் குடிக்கும், காய்ந்ததும் விரிசல். சோதிக்க ஒரு கண்ணாடி பாட்டில் போதும். பாதி மணல், மேலே தண்ணி, ஒரு சிட்டிகை உப்பு. நன்றாகக் குலுக்கி மூணு மணி நேரம் வைத்துவிடுங்கள். மணல் அடியில் படியும், வண்டல் அதன் மேல் தனி ஏடாக நிற்கும். அந்த ஏடு மணலின் உயரத்தில் நூற்றுக்கு எட்டைத் தாண்டினால் திருப்பி அனுப்பலாம்.

இனி வேலை. மூணடித் தாம்பாளத்துக்கு ரெண்டு சென்டிமீட்டர் கனத்தில் படுக்கை போட எவ்வளவு ஆகும் தெரியுமா? சிமெண்ட் அஞ்சு கிலோ, மணல் ரெண்டு சட்டி. ஒரு மூட்டை சிமெண்ட்டில் பத்தில் ஒரு பங்கு. முன்னாடி இருந்த பார்ட்டி மிச்சம் பிடித்தது இதில் பெரும்பகுதி. அதற்காக நண்பர் சீலிங்குக்கும் பெயிண்ட்டுக்கும் கொடுத்ததை இங்கே எழுதினால் அவர் வருத்தப்படுவார்.

முதலில் கழிவுக் குழாயைப் பொருத்தி, ஒரு பக்கெட் தண்ணி விட்டு, இணைப்பில் ஈரம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். படுக்கை போட்ட பிறகு அந்த இடத்தை யாரும் பார்க்க முடியாது. அதற்கும் முன்னால், தளத்தின் மேல் வாட்டர்ப்ரூஃப் பூசி, ரெண்டு நாள் தண்ணி கட்டி நிறுத்தி, கீழ் வீட்டு சீலிங்கைப் பார்த்திருக்க வேண்டும். தாம்பாளம் இருக்கிறதே, தண்ணி எங்கே இறங்கப் போகிறது என்று இதை விட்டுவிடுகிறார்கள். குடை இருக்கிறது என்று ஓட்டு வீட்டுக்கு ஓடு போடாமல் விடுவோமா?

தளத்தைக் கூட்டி, நனைத்து, சிமெண்ட் பால் ஊற்றித் தேய்த்து, அதன் மேல் கலவை. பதம் தெரிய ஒரு கை அள்ளிப் பிடியுங்கள். கொழுக்கட்டை மாதிரி நிற்க வேண்டும்; விரலிடுக்கில் தண்ணி வரக் கூடாது, விட்டால் உதிரவும் கூடாது. குழம்பாக இருந்தால் தாம்பாளம் முதல் நாள் அழகாக உட்காரும், தண்ணி வற்றினதும் கலவை இறங்கி அடியில் சந்து விழும். கழிவு ஓட்டையைச் சுற்றி மட்டும் இடம் விட்டு மூலைக்கு மூலை பரத்தி, வேண்டிய உயரத்துக்கு ஒரு நூல் மேலேயே வைத்து, தாம்பாளத்தை இறக்கி, உள்ளங்கையால் தட்டித் தட்டி உட்கார வைக்க வேண்டும். ஒரு தடவை தூக்கிப் பார்ப்பது நல்லது. அடிப்பக்கம் முழுக்கக் கலவை ஒட்டியிருந்தால் சரி. ஒட்டாத இடத்தில் இன்னும் கொஞ்சம் போட வேண்டியதுதான்.

இங்கேதான் நல்ல மேஸ்திரிகளும் சறுக்குகிறார்கள். நம் பாத்ரூம் தரைக்கு வாட்டம் உயிர். அடிக்குக் கால் அங்குலம் என்று கை தானாக வாட்டம் கொடுத்துவிடும். தாம்பாளத்தில் வாட்டத்தை கம்பெனியே வார்த்து அனுப்பியிருக்கிறான். படுக்கை ரசமட்டத்தில் குமிழி நடுவில் நிற்கிற மாதிரி சமமாக இருக்க வேண்டும். நாமும் நம் பங்குக்கு வாட்டம் கொடுத்தால், ஓட்டை ஒரு பக்கமும் நம் வாட்டம் வேறு பக்கமுமாகி, மூலையில் தண்ணி தங்கி, பாசி பிடித்து வழுக்கும். பொம்மையார்பாளையத்து மேஸ்திரிக்கு இதைப் புரியவைக்க அரை மணி ஆயிற்று. "வாட்டம் இல்லாம எங்க தாத்தா காலத்துலேருந்து போட்டதில்ல சார்" என்று ரசமட்டத்தை முறைத்துக்கொண்டே வைத்தார்.

ஒரு நாள் முழுக்க யாரும் ஏறக் கூடாது. அவசரமாக ஏறி நின்று, "பார்த்தியா, ஆடலை" என்று காட்டுகிறவர்தான் அதை ஆட்டுகிறவர். மறுநாள் தட்டிப் பார்த்து, எல்லா இடத்திலும் கெட்டிச் சத்தம் வந்த பிறகு சுவரோரம் உலர்ந்திருக்கிறதா என்று பார்த்து சிலிகான்.

எல்லாத் தாம்பாளத்துக்கும் இதே படுக்கை இல்லை. காலோடு வருகிறவை உண்டு. அவற்றைக் காலில்தான் நிறுத்த வேண்டும். சில அக்ரிலிக் ரகங்களில் அடியில் பலகை வைத்தே வரும், சிமெண்ட் நேராகப் படக் கூடாது என்பார்கள், நடுவில் ஒரு பாலிதீன் தாள் கேட்பார்கள். கம்பெனிக்காரன் என்ன சொல்கிறான் என்று பெட்டிக்குள் ஒரு காகிதம் மடித்து வைத்திருப்பான், படத்தோடு. வேலை நடக்கிற இடத்தில் தேடினால் கிடைக்கும். அதன் மேல்தான் மேஸ்திரி டீ கிளாஸை வைத்திருப்பார். கிளாஸை நகர்த்திவிட்டுப் படியுங்கள்.